விழுந்த குதிரையும் சாட்சி சொல்லாத திரையும்

'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' (1939) படத்தில் ஒரு துரத்தல் காட்சி. பின்னால் வரும் கூட்டம் நெருங்கிவிட, கொள்ளையர் இருவரும் குதிரைகளோடு பாறை விளிம்பிலிருந்து கீழே ஏரிக்குள் பாய்கிறார்கள். ஏறத்தாழ 70 அடி உயரம். சில விநாடிகளில் காட்சி முடிந்து கதை நகர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஓசார்க்ஸ் ஏரியில் படமாக்கப்பட்ட அந்தப் பாய்ச்சலில் குதிரை இறந்தது. எத்தனை குதிரை என்பதில் இன்றும் ஒரே பேச்சு இல்லை. ஒன்று என்பார் உண்டு, இரண்டு என்பாரும் உண்டு. பாய்ந்ததே ஒருமுறைதான், இரண்டு கேமராக்களில் பதிவானதை இரண்டு பாய்ச்சல்களாகக் காட்டிவிட்டார்கள் என்ற வாதமும் இருக்கிறது. படத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

பழைய படங்களில் விலங்குகள் எப்படி நடத்தப்பட்டன என்பதை எதைக் கொண்டு மதிப்பிடுவது? திரையில் தெரிவதைக் கொண்டா, படப்பிடிப்புத் தளத்தில் நடந்ததைக் கொண்டா? தெரியவந்த பிறகு அந்தப் படங்களை என்ன செய்வது? நூறாண்டுகளாக இதற்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. பார்வையாளர்களும் தயாரிப்பாளர்களும் சட்டமியற்றுவோரும் திரைக் கோட்பாட்டாளர்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஒரு சிக்கல் மட்டும் எல்லா விடைகளிலும் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது: பிம்பத்தைத் தளத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது.

கம்பியும் குழியும்

முதலில் தொழிலைப் பார்த்துவிடலாம். ஹாலிவுட்டின் தொடக்க காலக் கௌபாய் படங்களிலும் போர்ப் படங்களிலும் நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை திடீரெனக் குப்புற விழுவது தற்செயலாக நேர்ந்ததல்ல. 'ரன்னிங் டபிள்யூ' என்று அந்தத் தொழிலில் ஒரு முறை இருந்தது. குதிரையின் முன்னங்கால்களில் தோல்பட்டை கட்டி, அதில் மெல்லிய இரும்புக் கம்பியைக் கோத்து, வயிற்று வாரிலுள்ள வளையங்கள் வழியாக வெளியே விட்டு, மறுமுனையைத் தரையில் ஆழப் புதைத்த கட்டையில் பிணைத்துவிடுவார்கள். கம்பியின் நீளம் தீரும் இடத்தில் முன்னங்கால்கள் இரண்டும் சட்டென்று இழுபடும். அந்த இடம் சவாரிக்காரருக்குத் தெரியும், தயாராகத் தாவிவிடுவார். குதிரைக்குத் தெரியாது. இது தவிர, மூடிய குழியில் விழவைப்பது ஒரு முறை. சரியும் மேடையில் நிறுத்தி உயரத்திலிருந்து தண்ணீருக்குள் தள்ளுவது இன்னொன்று. 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' பாய்ச்சலுக்குப் பயன்பட்டது இந்தக் கடைசி முறை என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது.

புகழ்பெற்ற ஸ்டண்ட் கலைஞர் யாக்கிமா கனட் தாம் ஏறத்தாழ 300 முறை கம்பி முறையைச் செய்ததாகவும், ஒரு குதிரைகூட முடமானதில்லை என்றும் நினைவுக் குறிப்பில் எழுதினார். தொழில் தெரிந்தவர் கையில் கம்பியும் ஆபத்தில்லாதது என்பது அவர் தரப்பு. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தொழில் தெரியாதவர்களும் அதே கம்பியைக் கட்டினார்கள், மறுநாளே முடித்தாக வேண்டிய காட்சிக்காகக் கட்டினார்கள். 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' (1936) படத்தின் குதிரைப்படைத் தாக்குதலில் சுமார் 25 குதிரைகள் இறந்தன அல்லது சுட்டுக் கொல்லப்பட்டன என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. கதாநாயகன் எரால் ஃப்ளின்னே இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் மீது கோபம் கொண்டார். 1925இல் வந்த 'பென்-ஹர்' படத்தின் தேரோட்டத்துக்கு நூறு என்றும் நூற்றைம்பது என்றும் சொல்கிறார்கள். இரண்டு படங்களிலும் அந்தப் பகுதிகளைக் களத்தில் நின்று நடத்தியவர் ஒரே ஆள், ரீவ்ஸ் ஈசன்.

இந்த எண்களை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். இவை பெரும்பாலும் பின்னாளைய நினைவுகூரல்களிலிருந்து வந்தவை. இறந்த குதிரைக்குக் கணக்கு வைக்க அன்று யாரும் நியமிக்கப்படவில்லை. வாடகைக் குதிரையின் விலை தயாரிப்புச் செலவில் ஒரு வரி, அவ்வளவே.

கம்பியின் இடத்தைப் பின்னர் பழக்கப்பட்ட குதிரை பிடித்தது. கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்ததும் தானே சாயும்படி பயிற்சி பெற்ற குதிரை அது. விழும் இடத்தைக் கொத்திவிட்டு மணலோ மரத்தூளோ நிரப்பியிருப்பார்கள். பழகிய குதிரை பக்கவாட்டில் சாயும், கம்பியில் சிக்கியது தலைகுப்புறக் கவிழும். பழகிய கண் இதைப் பிரித்தறியும். சாதாரணப் பார்வையாளருக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல படத்தொகுப்பாளர் கையில் பழகிய கண்ணும் ஏமாறலாம்.

எழுந்து போய்விடு

மிகப் பழைய விடை பார்வையாளரை நோக்கியது, சர்க்கஸிலிருந்து வந்தது. ஜாக் லண்டனின் 'மைக்கேல், பிரதர் ஆஃப் ஜெர்ரி' நாவல் அவர் இறந்த மறு ஆண்டு, 1917இல் வெளிவந்தது. வித்தை காட்டும் விலங்குகளின் பயிற்சிக் கொட்டடிதான் அதன் களம். விலங்கு மேடையேறியதும் எழுந்து வெளியேறிவிடுங்கள் என்று முன்னுரையில் அவர் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஜாக் லண்டன் கழகங்களைத் தொடங்கியது. எழுந்து போவதே அந்தக் கழகத்தாரின் கடமை.

லண்டனின் கூர்மை இதில் இருக்கிறது: கொடுமை காட்சியில் இல்லை, காட்சிக்கு முந்திய மாதங்களில் இருக்கிறது என்றார் அவர். மேடையில் புலி அமைதியாக உட்கார்ந்திருப்பதே அவருக்குச் சந்தேகத்துக்குரியது. பின்னால் வந்த பல சட்டங்கள் இந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை.

சினிமாவுக்கு இந்த விடை அவ்வளவாகப் பொருந்தவில்லை. சர்க்கஸில் இன்று எழுந்து போனால் நாளைய காட்சி பாதிக்கப்படும். படத்தில் குதிரை விழுந்தது ஓராண்டுக்கு முன்பு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால். எழுந்து போகிறவர் டிக்கெட் காசையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

துறையே துறைக்குக் காவல்

'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' குதிரை எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக, 1877இல் நிறுவப்பட்ட அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் என்ற விலங்கு நலச் சங்கம் 1940இல் ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்தது. ஹேய்ஸ் அலுவலகம் எனப்பட்ட தயாரிப்பாளர்களின் சுயதணிக்கை அமைப்போடு அதற்கு உடன்பாடு ஏற்பட்டது. விலங்குகள் வரும் காட்சிகளைக் குறித்து முன்கூட்டியே கலந்துபேசவும், தளத்தில் ஆள் நிறுத்தவும் வழி பிறந்தது. கம்பி முறை ஒதுக்கப்பட்டது. 1959இல் வந்த 'பென்-ஹர்' படத்தின் தேரோட்டத்தை அமைத்தவர் அதே யாக்கிமா கனட்தான். மாதக்கணக்கில் குதிரைகளைப் பழக்கிய பிறகே கேமரா ஓடியது. 1925இன் தேரோட்டத்தோடு ஒப்பிடத்தக்க உயிரிழப்புப் பேச்சு இதைச் சுற்றி எழவில்லை.

பலவீனம் அமைப்பிலேயே இருந்தது. தணிக்கை விதி வலுவாக இருக்கும்வரைதான் சங்கத்துக்கும் வலு. 1966இல் அந்தப் பிடி தளர்ந்ததும், தளத்துக்குள் நுழையும் உரிமை சங்கத்தின் கையைவிட்டுப் போனது. 'விலங்கு எதுவும் துன்புறுத்தப்படவில்லை' என்ற புகழ்பெற்ற வாசகம் முதன்முதலில் ஏறிய படம் 'தி டோபர்மேன் கேங்' (1972), அதாவது சங்கத்துக்கு அதிகாரமே இல்லாதிருந்த ஆண்டுகளில். அதிகாரம் இல்லாத காலத்தில் பிறந்த நற்சான்று என்பதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை.

அடுத்த திருப்பம் மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்' (1980). சங்கத்தின் ஆட்களைத் தளத்துக்குள் விடவில்லை. வெடிவைப்புக் காட்சியில் குதிரை இறந்தது, கோழிச்சண்டைகள் உண்மையாகவே நடத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டுகள் எழுந்து, திரையரங்க வாசல்களில் மறியல் நடந்தது. அதன் பிறகு நடிகர் சங்க ஒப்பந்தத்தின் வழியாகக் கண்காணிப்பு உரிமை திரும்பி வந்தது. கண்காணிப்புக்கான பணமும் துறையின் நிதியிலிருந்தே வந்தது. காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை.

2013இல் 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' இதழின் புலனாய்வு இந்தப் புண்ணைக் கிளறியது. 'லைஃப் ஆஃப் பை' படப்பிடிப்பில் கிங் என்ற புலி நீரில் மூழ்கும் நிலைக்குப் போனதைக் கண்காணிப்பாளர் ஒருவர் தம் மின்னஞ்சலில் எழுதியிருந்தது வெளிவந்தது. 'ஹாபிட்' படத்துக்காகப் பண்ணையில் வைத்திருந்த விலங்குகளில் 27 இறந்ததாகப் பயிற்சியாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். கேமரா ஓடும்போது எதுவும் நேரவில்லை என்பது மறுதரப்பின் பதில். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் பிரச்சினை. சான்றிதழ் படப்பிடிப்பை அளக்கிறது. விலங்கு வாழ்வதோ கொட்டகையில்.

பிரிட்டன் பிடித்த மறுமுனை

பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் படங்களைப் பார்த்த பிரிட்டன், கலிஃபோர்னியாவில் நடப்பதைத் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது திரையிடலைத்தான். 1937ஆம் ஆண்டின் திரைப்பட (விலங்குகள்) சட்டம் இந்த யோசனையில் பிறந்தது. ஒரு காட்சியை எடுப்பதற்காக விலங்குக்குக் கொடுமையாக வலியோ அச்சமோ ஏற்படுத்தியிருந்தால், அல்லது அதைக் கொடூரமாகச் சீண்டி வெறியேற்றியிருந்தால், அந்தப் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதும் விநியோகிப்பதும் குற்றம். அடி வருவாயில் விழுகிறது. இதுவரை முன்வைக்கப்பட்ட விடைகளில் கூர்மையானது இதுதான் என்று படுகிறது. கொடுமையால் கிடைத்த காட்சிக்குச் சந்தை இல்லாமல் போனால் கம்பி கட்டுவதில் லாபமும் இல்லை.

நிரூபிப்பது எப்படி? சட்டமே ஒரு வழி சொன்னது. காட்சி எப்படி அமைக்கப்பட்டது என்பதைத் திரையில் ஓடும் படத்திலிருந்தே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். துன்புறுத்தல் இல்லையென்று நியாயமான காரணத்தோடு நம்பியதாகக் காட்டினால் காட்டியவர் தப்பலாம். பிம்பத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிய சட்டம் என்று இதைச் சொல்லலாம். நடைமுறையில் சுமை தணிக்கை வாரியத்தின் மேல் விழுந்தது. 'ஹெவன்ஸ் கேட்' உட்படப் பல படங்களில் கோழிச்சண்டைகளும் குதிரை வீழ்ச்சிகளும் அங்கே வெட்டப்பட்டன. பார்வைக்குக் கொடூரமாகத் தெரிவது சிக்கும். அமைதியாகத் தெரியும் காட்சிக்குப் பின்னாலுள்ள அடி சிக்காது. காட்சிக்காக ஏற்பாடு செய்யப்பட்டதை மட்டுமே சட்டம் தொடுவதால், இறைச்சிக்கூடத்தில் அன்றாடம் நடப்பதைப் படமெடுத்தால் அது வரம்புக்கு வெளியே.

அமெரிக்காவில் இதே பாதையில் போக முயன்றபோது பேச்சுரிமை குறுக்கே வந்தது. விலங்குக் கொடுமையைச் சித்திரிப்பதைத் தடைசெய்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் அளவுக்கு மீறிப் பரந்தது என்று உச்ச நீதிமன்றம் 2010இல், ஸ்டீவன்ஸ் வழக்கில், ரத்து செய்தது. அதே ஆண்டு மிகக் குறுகிய வரையறையோடு புதிய சட்டம் வந்தது. செயலைத் தண்டிக்கலாம், சித்திரிப்பை அவ்வளவு எளிதில் தண்டிக்க முடியாது என்பது அங்கே நிலைத்த பார்வை. அந்தச் சித்திரிப்புக்காகவே அந்தச் செயல் நடந்திருந்தால் என்ன என்று கேட்டால், பிரிட்டனின் 1937 மீண்டும் எதிரில் வந்து நிற்கும்.

எப்படியும் சாகப்போகிற விலங்கு

கலைத்தரப்பின் வாதம் வேறு. அதன் வேர் சினிமாவின் குழந்தைப் பருவத்திலேயே இருக்கிறது. 1903 ஜனவரி 4 அன்று நியூயார்க்கின் கோனி தீவில் டாப்ஸி என்ற யானை மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டதை எடிசன் நிறுவனம் படமெடுத்தது. எடிசன் தம் மின்சாரப் போட்டிக்காக யானையைக் கொன்றார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அந்தப் போட்டி பத்தாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. கொல்ல முடிவெடுத்தவர்கள் யானை இருந்த கேளிக்கைப் பூங்காவின் உரிமையாளர்கள். அப்படியானால் கேமரா வெறும் பார்வையாளர்தானா? முதலில் திட்டமிட்டது சாவைக் காட்சிப்பொருளாக்கத்தான் என்பதை நினைத்தால், அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஐசன்ஸ்டைன் 'ஸ்டிரைக்' (1925) படத்தில் தொழிலாளர் படுகொலையோடு மாடு அறுபடுவதை இணைத்தார். அந்த மாடு கசாப்புக்கானது என்ற சமாதானம் உண்டு. தர்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரேய் ரூப்ளெவ்' படத்தில் படிக்கட்டிலிருந்து விழுந்து மடியும் குதிரைக்கும் அதே விளக்கம்: கொல்களத்திலிருந்து வாங்கியது, எப்படியும் மறுநாள் செத்திருக்கும். இந்த வாதம் சாவை ஒரு தேதியாக மட்டும் பார்க்கிறது. விதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கொல்களத்தின் சாவும் மரப்படியில் உருண்டு, எழ முடியாமல் திணறும் சாவும் குதிரைக்கு ஒன்றல்ல. படத்தின் மேன்மை இந்தக் கேள்வியைத் தணிப்பதாகத் தெரியவில்லை, கூர்மையாக்கவே செய்கிறது.

பூனுவெலின் 'லாஸ் ஹுர்தெஸ்' (1933) இன்னும் வம்பான உதாரணம். மலையாடு பாறையிலிருந்து தவறி விழுவதாக வர்ணனை சொல்ல, சட்டகத்தின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரிகிறது. இங்கே பிம்பம் தன்னையறியாமல் சாட்சி சொல்லிவிட்டது. அது வேண்டுமென்றே விடப்பட்ட தடயம் என்று வாதிடுவோரும் உண்டு.

கோட்பாட்டில் இதைத் தொடங்கிவைத்தவர் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான். மனிதனும் கொடிய விலங்கும் ஒரே சட்டகத்தில் இருப்பதுதான் காட்சியின் உயிர் என்றார் அவர். சாப்ளின் 'தி சர்க்கஸ்' (1928) படத்தில் சிங்கக் கூண்டுக்குள் இருப்பது வெட்டி ஒட்டியதாக இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது. காளைச் சண்டைப் படத்தைப் பற்றி எழுதும்போது, ஒருமுறையே நிகழக்கூடிய மரணத்தைத் திரை தினமும் மாலையில் நிகழ்த்துகிறது என்ற சங்கடத்தையும் அவரே முதலில் தொட்டார். பஸான் கொடுமைக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நிஜத்துக்கு அவர் வைத்த மதிப்பின் விலையை யார் கொடுப்பது என்பது அவர் கட்டுரையில் இல்லை.

அதை எடுத்துப் பேசியவர்கள் பின்னால் வந்தார்கள். ரென்வாரின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' (1939) படத்தில் வேட்டைக் காட்சி. முயல் சுடப்பட்டுத் துடித்து அடங்குகிறது. அதே படத்தில் ஒரு மனிதரும் சுடப்படுகிறார். மனிதரின் சாவு கதைக்குள் நிற்கிறது, முயலின் சாவு கதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது என்று காட்டினார் விவியன் சோப்சாக். ஜோனதன் பர்ட் தம் 'அனிமல்ஸ் இன் ஃபிலிம்' (2002) நூலில் இதை விரித்தார்: திரையில் விலங்கைக் கண்டதும் பார்வையாளர் மனம் கதையைவிட்டு அந்த விலங்கின் நிஜத்துக்குத் தாவுகிறது. இந்தப் பார்வை வளமானது. ஆனால் அது பார்வையாளரின் பதற்றத்தைத்தான் விவரிக்கிறது. பதற்றம் எழாத இடத்தில் துன்பம் இல்லை என்று ஆகிவிடாதே.

பாசம் என்ற சான்று

பதற்றமே எழாத காட்சிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். ரின் டின் டின், லாஸி போன்ற நாய்கள் நட்சத்திரங்களாயின. 'விசார்ட் ஆஃப் ஓஸ்' (1939) படத்தில் டோட்டோவாக வந்த நாய்க்கு வாரம் 125 டாலர் என்பதும், அந்தப் படத்தில் நடித்த குள்ள மனிதர்களுக்கு அதைவிடக் குறைவு என்பதும் இன்றும் வேடிக்கைச் செய்தியாகச் சொல்லப்படுகின்றன. நட்சத்திரமாக்குவது ஒருவகைப் பாதுகாப்பு, விலையுள்ள விலங்கை யாரும் கம்பியில் கட்டி விழவைப்பதில்லை. பெயரில்லாத வாடகைக் குதிரைக்கு அது கிடைக்கவில்லை.

தமிழில் இந்தப் பாச மரபின் உச்சம் சாண்டோ சின்னப்பா தேவர். 'தாய்க்குப்பின் தாரம்' (1956) படத்தின் காளை தொடங்கி 'வெள்ளிக்கிழமை விரதம்' (1974) பாம்பு, 'ஆட்டுக்கார அலமேலு' (1977) ஆடு வரை தேவர் பிலிம்ஸ் படங்களில் விலங்குதான் நீதி வழங்கும். 'தெய்வச்செயல்' (1967) யானைக் கதை 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) ஆகி இந்தியாவைக் கலக்கிவிட்டு, 'நல்ல நேரம்' (1972) என்று தமிழுக்கே திரும்பி வந்தது. இந்தப் படங்கள் விலங்குகள்மீது பரிவை வளர்த்தன என்ற தரப்பை ஒதுக்க முடியாது. யானை அழுதால் கொட்டகையே அழுதது. ஆனாலும் சொன்னதைச் செய்யும் யானை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் காலத்து வளர்ப்பு யானைகளில் பல காட்டில் பிடிபட்டு, க்ரால் எனும் மரக்கூண்டில் அடைத்துப் பணியவைக்கப்பட்டவை. திரையில் தும்பிக்கை உயர்த்திக் கும்பிடுவதற்கு முன் அந்தக் கூண்டு இருந்தது. இதை ஒரு தயாரிப்பாளரின் குற்றமாகச் சொல்வது நியாயமில்லை. கோயில், காடு, சர்க்கஸ், சினிமா எல்லாம் ஒரே பயிற்சியை நம்பியிருந்தன.

இயற்கைப் படம் என்ற பெயரும் பாதுகாப்பல்ல. டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' (1958) சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. லெம்மிங் என்ற எலியினம் கூட்டம் கூட்டமாகக் கடலில் விழுந்து சாவதாக அதில் ஒரு பகுதி. கனடாவின் ஆல்பர்ட்டாவில், அவை இயல்பாக வாழாத இடத்தில், வெளியிலிருந்து கொண்டுவந்த விலங்குகளைச் சுழல்தட்டில் ஓடவிட்டு ஆற்றுக்குள் தள்ளி எடுத்தது அது என்று 1982இல் கனடியத் தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்ற பொய் இன்னும் பிழைத்திருக்கிறது.

பழைய சுருள்கள்

இந்தியாவின் விடை தாமதமாக வந்தாலும் வேறு இடத்தில் நிற்கிறது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியைத் தொடர்ந்து 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அவரைத் தலைவராகக் கொண்டு விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. வித்தை காட்டும் விலங்குகளைப் பற்றி அந்தச் சட்டம் பேசியபோது, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சியையே மனத்தில் வைத்திருந்தது. படப்பிடிப்பை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை. 2001ஐ ஒட்டிய பதிவு விதிகளில்தான் திரைப்படம் தெளிவாக உள்ளே வந்தது. எடுப்பதற்கு முன்பே அறிவிக்க வேண்டும், தணிக்கைக்குப் போகும்போது வாரியத்தின் ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும். விளைவு திரையிலேயே தெரிகிறது: படத்தின் தொடக்கத்தில் உறுதிமொழி, காளையோ பாம்போ வரும்போது மூலையில் 'சி.ஜி.' (கணினி வரைகலை) என்ற எழுத்து. பிம்பத்தை நம்ப முடியாது என்பதைப் பிம்பத்தின் மேலேயே எழுதி ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. கதையின் மயக்கத்தை அந்த எழுத்து கெடுக்கிறது என்ற இயக்குநர்களின் குறையிலும் நியாயம் உண்டு.

முன்னனுமதி இனி எடுக்கப்படும் படங்களுக்கு உதவும். பழைய படங்களுக்கு மூன்று யோசனைகள் பேசப்படுகின்றன. வெட்டலாம் என்பது பிரிட்டனின் பழைய வழி. அது குதிரைக்கு எதையும் திருப்பித் தராது, நடந்ததற்கான கடைசித் தடயத்தையும் அழித்துவிடும். 'லாஸ் ஹுர்தெஸ்' படத்தில் அந்தப் புகையை வெட்டிவிட்டால் ஆடு தவறித்தான் விழுந்தது என்று ஆகிவிடும். அப்படியே காட்டலாம் என்பது ஆவணக் காப்பகத்தார் பலரின் நிலை. கலைப்படங்களுக்கு அது பொருந்துவதாகத் தோன்றினாலும், விலங்குச் சாவைக் கவர்ச்சியாகவே விற்ற 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980) போன்றவற்றில் மறுவெளியீடு ஒவ்வொன்றும் அதே சாவிலிருந்து மீண்டும் காசு பார்க்கிறது. குறிப்போடு காட்டலாம் என்பது மூன்றாவது. இப்போதைக்கு மற்ற இரண்டையும்விட இது தாங்கும். ஆனால் குறிப்பில் என்ன எழுதுவது? 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்கு முன்னால் ஒரு குதிரை என்று போடுவதா, இரண்டு என்றா?

எழுத்தில் இருக்கும் சான்றுகளைச் சேர்ப்பதற்கு முன் இதற்கு விடை வராது. ஸ்டூடியோக்களின் அன்றாடத் தயாரிப்பு அறிக்கைகள், குதிரை வாடகைச் சீட்டுகள், கால்நடை மருத்துவர்களின் பில்கள், கண்காணிப்பாளர்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் படச்சுருளோடு வைத்துப் படிக்கும் வேலை துண்டு துண்டாகவே நடந்திருக்கிறது. இந்தியாவில் யானைப் பாகர்களின், பாம்பாட்டிகளின், மாடு பழக்கியவர்களின் வாய்மொழியும் இதில் சேரும். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது.